முப்பது வருசம் கழிச்சி லேத்துல நின்னேன், குட்டி எஞ்சின் செஞ்சாச்சி, ஆனா ஓட மாட்டேங்குது

தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
வெள்ளி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தம் போடாம படிச்சிட்டுப் போறவன், இன்னிக்கிதான் வாயத் தொறக்குறேன்.

84-லேர்ந்து அஞ்சு வருசம் இங்க பக்கத்துத் தோட்டத்து ஃபேக்டரில ஃபிட்டருக்குக் கையாளா இருந்தவன் நான். அப்பறம் லாரி ஓட்டுனேன், பினாங்குல பேக்டரி வேலை, கல்யாணம், புள்ளைங்க, லேத்து மொகத்தையே பாக்கல. போன வருசம் பென்சன் வாங்குனதும் கையி சும்மா இருக்க மாட்டேங்குது. ஈப்போல ஒரு மோட்டோ பட்டறை மூடுறாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு பழைய சீனா மினி லேத்து தூக்கிட்டு வந்தேன், 7 அங்குல விட்டம் வரைக்கும் உள்ள பொருள சுத்துற சைஸு. காடி பின்சீட்டுல வெச்சிக் கொண்டாந்தது, சீட்டு இன்னும் பள்ளமாத்தான் இருக்கு.

செஞ்சது ஆடுசிலிண்டர் எஞ்சின். தெரியாதவங்களுக்கு: இதுல வால்வுன்னு தனியா ஒண்ணும் கெடையாது, சிலிண்டரே ஒரு ஆணில தொங்கிக்கிட்டு இப்பிடி அப்பிடி ஆடும், ஆடும்போது அதோட ஓட்டை பின்னாடி நிக்கிற தட்டுல உள்ள ரெண்டு ஓட்டைல ஒண்ணு மாத்தி ஒண்ணுல போயி நிக்கும், ஒண்ணு காத்து உள்ள வர்றது, இன்னொண்ணு வெளிய போறது. அவ்வளவுதான் வித்தை. போர் (சிலிண்டர் உள்விட்டம்) 12 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போயி வர்ற தூரம்) 16. சிலிண்டர் பித்தளைக் கட்டை, பிஸ்டன் இரும்பு. ஃபிளைவீலு (வேகத்த விடாம சுத்துற கனச்சக்கரம்) ஒரு தனிக் கத, அப்பறம் சொல்றேன், போட்டோ போட்டிருக்கேன்.

மொத பிஸ்டன் குப்பைக்குப் போச்சி. டயல்ல 0.1 வெட்டுனா விட்டத்துல 0.2 குறையும்னு சின்ன வயசுல தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், இப்ப மறந்துட்டு ஜாலியா வெட்டி 11.8-க்கு வந்து நின்னேன். கையி ஞாபகம் வெச்சிருக்கறது என்னன்னா பழைய லேத்துல கிளட்ச் கம்பி இருந்த எடம். அவசரத்துக்கு வலது கை அங்கதான் போவுது, இந்த மெஷின்ல அங்க ஒண்ணுமே இல்ல.

இப்ப பிரச்சினை. டயருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரசர மாட்டி 2 பார் காத்தழுத்தம் குடுத்தா ரெண்டு சுத்து சுத்தி நின்னுடுது. சிலிண்டருக்கும் தட்டுக்கும் நடுவுல புஸ்ஸுன்னு காத்து போவுது. ஸ்பிரிங்க இறுக்குனா கையில சுத்தவே கெட்டி. 4 பார் வரைக்கும் ஏத்திப் பாத்தேன், சத்தம்தான் கூடுது. யாராச்சும் வழி சொல்லுங்க.


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
சனி, காலை 7:15

அண்ணே மொதல்ல வாழ்த்துகள். ஓட்டை என்ன சைஸு போட்டீங்க? கிராங்க் பின் நடுலேர்ந்து எவ்ளோ தூரம், ஆணிலேர்ந்து ஷாஃப்ட்டு நடு எவ்ளோ, ஆணிலேர்ந்து போர்ட் (காத்து போற) ஓட்டை எவ்ளோ, இந்த மூணும் குடுங்க, நான் கணக்கு போட்டுத் தர்றேன். எனக்குத் தெரிஞ்சி ஓட்டை பெருசா இருக்கும். பத்துக்கு எட்டு பேரு அந்தத் தப்புதான் பண்றாங்க.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
சனி, காலை 9:30

கிராங்க் 8 மி.மீ., ஆணிக்கும் ஷாஃப்ட்டுக்கும் 40, ஆணிக்கும் போர்ட்டுக்கும் 12. ஓட்டை 2.5. ஏன் 2.5-ன்னா கிராங்க் பின்னுக்கு எம் 3 டேப்பு (3 மி.மீ. மரை வெட்டுறது) அடிக்க அந்த ட்ரில்லு சக்குலயே (ட்ரில்லு புடிக்கிற வாயி) இருந்துச்சி, மாத்த சோம்பேறித்தனம். உண்மையச் சொல்லிட்டேன்.


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
சனி, காலை 10:05

பாத்தீங்களா! 8-ஐ 40-ஆல வகுத்தா 0.2. போர்ட்டு 12 தூரத்துல இருக்கு, அப்ப ஓட்டை ஒரு பக்கம் 12 × 0.2 = 2.4 மி.மீ. தான் நகரும். தட்டுல உள்ள ஓட்டை ரெண்டும் நடுக்கோட்டுலேர்ந்து 2.4 தள்ளித்தான் இருக்கணும், ஓட்டை விட்டமும் 2.4-க்குள்ள இருந்தாத்தான் பிஸ்டன் உச்சில நிக்கிறப்போ ரெண்டும் மூடும். நீங்க 2.5 போட்டதால அந்த எடத்துல ரெண்டு பக்கமும் 0.1 தொறந்தே இருக்கு, உள்ள வர்ற காத்து நேரா வெளிய ஓடுது. தட்டு புதுசா போட்டு 2 மி.மீ. ஓட்டை அடிங்க. கேஸ் முடிஞ்சிது.


கோவை லேத்
சனி, மதியம் 1:20

வணக்கமுங்க, நான் பீளமேடு பக்கம், பம்ப்பு வேலைல ஊறுனவன். மலேசியாவுல தமிழ்ல லேத் பத்திப் பேசுறீங்கன்னு பாத்து உள்ள வந்துட்டேன். ஃபிளைவீல் கதையச் சொல்லுங்க, போட்டோவுல வார்ப்பு மாதிரி தெரியுது.

ஓட்டை விசயத்துல தம்பி சொல்றது கணக்குக்குச் சரிதானுங்க, ஆனா 0.1-க்கு எஞ்சின் நிக்காதுங்க. அந்த எடத்த ஃபிளைவீல் கண்ணிமைக்கிற நேரத்துல தாண்டிப்புடும்.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
சனி, மாலை 5:50

ஃபிளைவீலு கத. இங்க பழைய இரும்புக் கடைல ஒரு கித்தா (ரப்பர்) மெஷின் கெடந்துச்சி, கித்தாப் பால் உறைஞ்சப்பறம் அழுத்தி ஷீட்டாக்குறதுக்கு கையால சுத்துவாங்கள்ல, அந்த வார்ப்பிரும்பு ரோலரு மெஷினு. எங்கம்மா சுத்துன மாதிரி மெஷினு. கோலகங்சார்ல 1877-ல நட்ட கித்தா மரம் இன்னும் நிக்குதுன்னு பலகை வெச்சி பாதுகாக்குறாங்க, அதே கித்தாவ ஷீட்டாக்குன மெஷின தவுக்கே (கடை மொதலாளி) எடைக்கு விக்கிறாரு. ரோலரு ஒரு பக்கம் ஒடஞ்சிருந்துச்சி. முனைலேர்ந்து ஒரு வட்டம் அறுத்துக் குடுன்னு கேட்டேன், எதுக்குன்னு கேட்டாரு, எஞ்சினுக்குன்னேன், என்னயும் மேலயும் கீழயும் பாத்தாரு, ஆனா பேண்ட்சா ரம்பத்துல போட்டு அறுத்துக் குடுத்தாரு, கூலி கூட வாங்கல.

வீட்டுக்குக் கொண்டாந்து லேத்து சக்குல மாட்டி எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல வெச்சேன், ஒரு சுத்து கூட முழுசா போவல, டூல் மூக்கு மழுங்கி பளபளன்னு ஆயிடுச்சி. ரெண்டாவது தரம் தீட்டி வெச்சேன், அதே கத. வேகத்தக் குறைச்சேன், மோட்டர் தெணறி நின்னுச்சி. 75 மி.மீ. வட்டத்துக்கு எவ்ளோ வேகம் வெக்கணும்னே மறந்துபோச்சி.


கோவை லேத்
சனி, மாலை 6:35

அதானுங்க வார்ப்போட தோல். மேல ஒரு பட்டை கருப்பா மணலும் கடினமுமா இருக்கும், அதுல டூல் மூக்க வெச்சு பூவாட்டம் தடவுனீங்கன்னா உப்புத்தாள்ல தேச்ச மாதிரிதான் ஆகும். அதவிட கடினமான கார்பைடு டூல் போட்டு, தோலுக்குக் கீழ மூக்கு போற மாதிரி மொத வெட்டையே ஆழமா குடுக்கோணும். உள்ள போயிட்டீங்கன்னா வெண்ணெய்ங்க. எண்ணெய் தண்ணி ஒண்ணும் வேண்டாம், வார்ப்ப உலர்வாத்தான் கடையோணும், கருப்புத்தூளா கொட்டும், மூக்க மூடிக்கோங்க. முடிஞ்சதும் லேத் பெட்டுமேல (அடித்தளத்துமேல) உள்ள தூள சுத்தமா தொடச்சுப்போடுங்க, அது எண்ணெயோட சேந்தா அரைக்கிற பசைங்க, மெஷின தின்னுபுடும்.

வேகம்: நிமிசத்துக்கு 20 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 20 × 1000-ஐ 3.14 × 75-ஆல வகுத்தா 85 சுத்து. எச்எஸ்எஸ்-க்கு அதான். கார்பைடுன்னா ரெண்டு மூணு மடங்கு ஏத்தலாம், உங்க குட்டி மோட்டருக்கும் அதான் நல்லது, ரொம்பக் கொறைச்சா அதுக்கு இழுவையே இருக்காதுங்க.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
சனி, இரவு 8:10

அண்ணே நான் ரெண்டு வாரம் போராடி கண்டுபுடிச்சத நீங்க ரெண்டு பத்தில சொல்லிட்டீங்க. கார்பைடு வாங்குனப்பறம்தான் கடைசில வழிக்கு வந்துச்சி. கருப்புத்தூளு வீடு பூரா. பொஞ்சாதி வெள்ளைச் சட்டையெல்லாம் தனியா தொவைக்கிறா, எங்கூட பேசறதில்ல.


குட்டிப் பாய்லர் (சுங்கைப்பட்டாணி)
சனி, இரவு 9:00

அங்கிள் செம்ம! காத்துல ஓட்டாம நெசமா நீராவில ஓட்டுனா எப்பிடி இருக்கும்? நான் யூடியூப்ல பாத்தேன், மில்க் டின்னுல பித்தளைக் குழாய் வெச்சி ஈயத்த உருக்கி பத்த வெச்சி (ஒட்டி) கீழ ஸ்பிரிட் வெளக்கு வெச்சா போதும். நான் டின்னு ரெடி பண்ணிட்டேன், குழாய் பத்த வெக்கிறது மட்டும்தான் பாக்கி.


பழைய மில்லு (தெலுக் இந்தான்)
சனி, இரவு 9:40

தம்பி, அந்த டின்ன இன்னிக்கே குப்பைல போடு. அப்பறம் மத்தது பேசலாம்.

நான் செம்பனை எண்ணெய் மில்லுல 31 வருசம். பழக்கொல வேக வைக்கிற ஸ்டெரிலைசர்ல நீராவி ஏறக்கொறைய 3 பார் இருக்கும், ஒன்றரை மணி நேரம் வேகும். கதவு தொறக்கறதுக்கு முன்னாடி கேஜ் முள்ளு கோசோங் (சைபர்) வந்திருச்சான்னு நான் பாப்பேன், அப்பறம் கூட்டாளி பாப்பான், அப்பறம் வடிகால் வால்வத் தொறந்து ஒண்ணும் வரலைன்னு ரெண்டு பேரும் பாப்போம், அப்பறமும் நேரா கதவுக்கு முன்னாடி நிக்க மாட்டோம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல எடம் கேக்கும். டின்னு அத எங்க வெச்சிக்கும்?

ஈயம் பத்த வெக்கிறதுன்னு சொன்ன. எலெக்ட்ரானிக்ஸ்ல போடற ஈயம் 183 டிகிரிலயே உருகிடும். தண்ணி இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. தண்ணி வத்துச்சின்னா வெளக்கு நேரா தகரத்த சூடாக்கும், அப்ப குழாய் வாணம் மாதிரி பறக்கும். பாய்லர் செய்யணும்னா செம்புல செய்யணும், வெள்ளி சால்டர்ல பத்தவெக்கணும், சேஃப்டி வால்வு வேணும், மொதல்ல தண்ணிய நெரப்பி தண்ணி அழுத்தத்துலதான் சோதிக்கணும். இதெல்லாம் கத்துக்கற வரைக்கும் காத்துல ஓட்டு. எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது.

ஃபிட்டர் தம்பி, உனக்கு ஒரு வேலை. சிலிண்டரோட மொகத்துல கருப்பு மார்க்கர் பேனாவ பூசு. ஸ்பிரிங்க லேசா வெச்சி மாட்டி கையால பத்து தரம் ஆட்டு. கழட்டிப் பாத்து எங்க மை போயிருக்குன்னு சொல்லு. தட்ட மாத்தாத. இன்னிக்கி ஒண்ணும் வெட்டாத.


குட்டிப் பாய்லர் (சுங்கைப்பட்டாணி)
சனி, இரவு 9:52

சரி அங்கிள். டின்ன அம்மா பூ நட வெச்சிக்கறாங்களாம்.


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
சனி, இரவு 10:30

மார்க்கர் பாருங்க தப்பில்ல, ஆனா நான் சொன்ன ஓட்டையும் மாத்தித்தான் ஆவணும், கணக்கு கணக்குதான் லா.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, காலை 8:25

மை பூசி ஆட்டிப் பாத்தேன். ஆணி மாட்டற ஓட்டையச் சுத்தி ஒரு வளையம் மாதிரி மட்டும் மை போயிருக்கு, ஒரு சின்ன மோதிரம் சைஸு. அப்பறம் கீழ் மூலைல ஒரு பொட்டு. போர்ட்டுப் பக்கம் மை அப்பிடியே இருக்கு, தொடவே இல்ல. என்னண்ணே இது, மொகத்த நான் கண்ணாடி மேல தாள ஒட்டி வெச்சி தேச்சி எடுத்தேனே.


பழைய மில்லு (தெலுக் இந்தான்)
ஞாயிறு, காலை 8:50

தேச்சது டேப்பு அடிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, காலை 8:58

முன்னாடி.

ஐயோ.


பழைய மில்லு (தெலுக் இந்தான்)
ஞாயிறு, காலை 9:20

புரிஞ்சிருச்சி பாரு. டேப்பு இழுக்கும்போது மொத மரையோட விளிம்புல உலோகம் மேல எழும்பி ஒதடு மாதிரி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துல தடவுனா தட்டும். உன் சிலிண்டரு அந்த ஒதட்டு மேல உக்காந்து சொழலுது, போர்ட்டு தட்டத் தொடவே இல்ல. ஓட்டை விட்டத்தோட ரெண்டு மடங்கு சைஸு ட்ரில்ல கையால புடிச்சி, ஆணி ஓட்டை வாயில பள்ளம் எடு, அரை மி.மீ. போதும். தட்டுலயும் ரெண்டு பக்கமும் எடு. அப்பறம் திரும்ப மொகத்தத் தேயி, எட்டு போடற மாதிரி தேயி, ஒரே தெசைல தேச்சா ஓரம் உருண்டுடும்.


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
ஞாயிறு, காலை 11:40

ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்கு போட்டேன், போட்டது என் வாதத்துக்கே எதிரா வந்திருச்சி, இருந்தாலும் எழுதறேன்.

2.5 மி.மீ. ஓட்டையோட பரப்பு கிட்டத்தட்ட 5 சதுர மி.மீ. 1 பார்ல அது சிலிண்டர பின்னுக்குத் தள்ற பலம் 50 கிராம் எடை அளவுதான். அப்பிடின்னா மொகம் ஒழுங்கா உக்காந்தா பால்பென் ஸ்பிரிங்கே தாராளம். ஆனா மொகம் தூக்கி நின்னு காத்து முழுப் பரப்புலயும் பரவுச்சின்னா, 20க்கு 30 மொகம்னு வெச்சாக்க 600 சதுர மி.மீ., காத்து முழுசா பரவுனா 6 கிலோ தள்ளு. அதான் அண்ணன் ஸ்பிரிங்க எவ்ளோ இறுக்குனாலும் காத்து ஜெயிச்சிருக்கு. அழுத்தத்த ஏத்துனா தள்ளும் கூடவே ஏறுது. நான் ஓட்டை ஓட்டைன்னு கத்துனது வீண். தோத்துட்டேன்.

ஆனா அடுத்த தட்டுல 2 மி.மீ. போடுங்கண்ணே, ப்ளீஸ்.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, இரவு 9:15

பள்ளம் எடுத்தேன், தேச்சேன், மை பூசிப் பாத்தேன், இப்ப மொகம் பூரா மை போயிருக்கு.

வெக்கமா இருக்கு சொல்ல. தோட்டத்துல எங்க ஃபோர்மன் ஒவ்வொரு டேப்புக்கும் முன்னாடி வாயில பள்ளம் எடுக்கச் சொல்லுவாரு. நாங்க பதினெட்டு பத்தொம்பது வயசுப் பசங்க, கெழவன் நேரத்த வீணடிக்கறான்னு முணுமுணுத்துக்கிட்டே எடுப்போம். சக்க இறுக்குற சாவிய சக்குலயே விட்டுட்டுத் திரும்புனா பின்மண்டைல கொட்டு விழும், அதுக்கும் முணுமுணுப்போம். ஏன் எடுக்கறோம்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

இப்ப புஸ்ஸு சத்தம் போயிருச்சி. 1 பார்ல சுத்துது, ஆனா ஒவ்வொரு சுத்துலயும் ஒரே எடத்துல எறும்பு கடிச்ச மாதிரி ஒரு இழுப்பு இழுக்குது, இருவது முப்பது சுத்துல நின்னுடுது. ஸ்பிரிங்கு பால்பென்னுதுதான் போட்டிருக்கேன்.


கோவை லேத்
ஞாயிறு, இரவு 9:50

ஒரே எடத்துலன்னா கிராங்க் பின் சாஞ்சிருக்குமுங்க. பின் நிக்கிற கிராங்க் வட்டத்துல எம் 3 டேப்ப கையில புடிச்சு அடிச்சீங்களா? அப்ப டேப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். பின்னும் ஷாஃப்ட்டும் இணையா இல்லாட்டி ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் ராடு ஒருக்கா முறுக்கிக்கும்ங்க. சரியான வழி, வட்டத்த திரும்பச் செஞ்சு லேத்தோட டெயில்ஸ்டாக்குல (சக்குக்கு எதிர் முனைல) டேப்பப் புடிச்சு நேரா விடறது. கள்ள வழி, ராடு தலை ஓட்டைய ஒரு நூல் தளர்த்தி விடறது. எங்க பட்டறைல நானு கள்ள வழிய கண்டா திட்டுவேன், ஆனா மொத எஞ்சின்ங்கறதால கண்டுக்காம விடறேன்.

அப்பறம் போட்டோவுல பாத்தேன், ஷாஃப்ட்டு முனைல நடுவுல ஒரு சின்ன மொட்டு நிக்குது. டூல் மையத்துக்குக் கீழ இருக்குங்க. ஒரு மெல்லிசான ஸ்டீல் ஸ்கேல டூல் மூக்குக்கும் உருண்டை ராடுக்கும் நடுவுல லேசா நசுக்கிப் பாருங்க. ஸ்கேல் செங்குத்தா நின்னா மையம் சரி. மேல் முனை உங்களப் பாத்து சாஞ்சா டூல் கீழ இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேல இருக்கு. வயசானா கண்ண நம்பாதீங்க, ஸ்கேல நம்புங்க.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
திங்கள், காலை 6:40

கண்ணு விசயம் சரியாச் சொன்னீங்க. டயல் கோடு ரெண்டு ரெண்டா தெரியுது. இப்ப போன் கேமராவ பெருசாக்கித்தான் படிக்கிறேன்.

கள்ள வழிதான் போனேன். வீட்ல யாருக்கும் சொல்ல வேணாம்.


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
திங்கள், மதியம் 12:30

அடுத்து என்ன? இங்கிலீஷ்காரன் ஸ்டூவர்ட் 10-வி வார்ப்பு செட்டு வாங்கிருங்க, முக்கால் அங்குல போர், முக்கால் அங்குல ஸ்ட்ரோக், 3 அங்குல ஃபிளைவீல், நெஜமான ஸ்லைடு வால்வு (நகந்து நகந்து ஓட்டைய மூடித் தொறக்குறது). உங்க லேத்துல தாராளமா அடங்கும்.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
திங்கள், இரவு 10:55

செட்டு வாங்குற காசுக்கு பொஞ்சாதிக்கு வாஷிங் மெஷினு வாங்கணும்னு முன்னாடியே தீர்ப்பு ஆயிடுச்சி. ஸ்லைடு வால்வு ஆசை இருக்கு, கித்தா ரோலர்ல இன்னும் ரெண்டு வட்டம் அறுக்கலாம், சிலிண்டரே அதுல கடைஞ்சிரலாமான்னு ஒரு யோசனை ஓடுது.

சரி விசயத்துக்கு வர்றேன். ஓடிருச்சி!!! அரை பார்ல! ராத்திரி எட்டு மணிக்கு மழை கொட்டிக்கிட்டு இருக்கு, காத்துக் குழாய மாட்டி வால்வ ஒரு மயிரிழை தொறந்தேன், ஃபிளைவீல வெரல்ல ஒரு தட்டு தட்டுனேன், டிக்கு டிக்கு டிக்குன்னு எடுத்துச்சி பாருங்க. ஆணி பக்கத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன், சத்தம் இன்னும் மெலிசாச்சி. கம்ப்ரசர அணைச்சிட்டேன், டேங்குல மிச்சம் இருந்த காத்துலயே நாலு நிமிசம் ஓடிச்சி, கடைசில வேகம் கொறைஞ்சி கொறைஞ்சி ஒவ்வொரு சுத்தா எண்ணலாம் போல ஓடி, உச்சில போயி நின்னு, ஒரு அரை சுத்து பின்னால வந்து நின்னுச்சி. குழாய மாத்திப் போட்டா அந்தப் பக்கமா சுத்துது, அதையும் பாத்துட்டேன்.

பொஞ்சாதி அடுப்பங்கரைலேர்ந்து வந்து எட்டிப் பாத்தா. அந்தக் காலத்துல தோட்டத்துல ராத்திரி கரண்டுக்கு லிஸ்டர் எஞ்சின் ஓடும்ல, பத்து மணிக்கு நிறுத்தும்போது இப்பிடித்தான் மெதுவா மெதுவா அடங்கும்னு சொன்னா. மூணு நாளுக்கப்பறம் எங்கூட பேசுன மொத பேச்சு.

வீடியோ போட்டிருக்கேன் பாருங்க. கை நடுங்குது, மன்னிச்சிக்குங்க.


குட்டிப் பாய்லர் (சுங்கைப்பட்டாணி)
திங்கள், இரவு 11:02

அங்கிள்ள்ள்ள்!!! நானும் செய்யறேன், காத்துலதான், சத்தியமா. அந்த 8, 40, 12 கணக்கையே வெச்சிக்கவா?


கணக்குப்புள்ளை (கிள்ளான்)
திங்கள், இரவு 11:06

வெச்சிக்க தம்பி. ஓட்டை மட்டும் 2 மி.மீ. பித்தளைல ட்ரில்லு போடறப்போ மூக்க அப்பிடியே போடாத, கபால்னு உள்ள இழுத்துக்கும், வெட்டுற விளிம்ப சாணைக்கல்லுல ஒரு தேய்ப்பு தேச்சி தட்டையாக்கிட்டுப் போடு.


பழைய மில்லு (தெலுக் இந்தான்)
திங்கள், இரவு 11:30

வீடியோ நாலு தரம் பாத்தேன். நல்லா ஓடுது. சத்தம் சமமா இருக்கு, மொகம் நல்லா உக்காந்திருக்கு.

ரெண்டு விசயம். கைலி கட்டிக்கிட்டு லேத்துகிட்ட நிக்கிற, முந்தி லீட் ஸ்குரூ (சுத்துற நீள மரைக்கம்பி) பக்கத்துல தொங்குது, கால்சட்டை போடு. அப்பறம் 0:41-ல பின்னாடி பாரு, சக்கு சாவி சக்குலயே இருக்கு.


தோட்டத்து ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)
திங்கள், இரவு 11:34

எடுத்துட்டேண்ணே. பின்மண்டைய தடவிக்கிட்டே எடுத்தேன்.